கவாத்துப் படாத மூலை

அக்கா ‘முடியாது’ என்று சொல்லும்போது தலையை ஆட்டமாட்டார். நம்மில் பலர் வாயால் மறுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் சமாதானமும் செய்வோம். அவரிடம் அந்தச் சாய்ப்பே கிடையாது. எதிரில் இருப்பவரை நேராகப் பார்த்து, “முடியாதுப்பா. வேற சோலி இருந்தா பாரு” என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சில் ஒரு வரிகூட மிச்சம் இருக்காது.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். காரணம், கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. கேட்ட மருந்து கடையில் இல்லாவிட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டேன். “அதவிட நல்லதா ஒன்னு வந்துருக்கு, அடிச்சுப் பாருங்க” என்று அடுத்த டப்பாவை எடுத்து வைப்பேன். இருபது வருடமாக அப்படித்தான் குடும்பம் நடக்கிறது.

கூடப் பிறந்த அக்கா இல்லை, கடைக்கு வாடிக்கையாக வந்தவர்; அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் இப்போது இருக்கிற ஆண்டிபட்டியிலிருந்து போன் வரும், ‘யாரக் கேட்டு எம்பேர எழுதுன?’ என்று.

சுருளிப்பட்டி போகிற வழியில் அவருக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. கணவர் போட்ட பந்தல். அவர் போன பிறகு அக்காவே பார்த்தார். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, இடுப்பில் கவாத்துக் கத்தரி. கடைக்கு வந்தால் நாற்காலியில் உட்காரமாட்டார். மருந்து டப்பாவைக் கையில் வாங்கி, சிவப்பு முக்கோணத்தின் மேல் விரலை வைத்து, “மண்டையோடு போட்டுருக்கு, நீ சிரிச்ச மொகமா எடுத்துத் தாரியே” என்பார். அப்புறம் அதை வாங்கிக்கொண்டும் போவார். இயற்கை விவசாயம் என்று பேசுகிறவர் இல்லை அவர். “திராட்சைக்கு வேணும். வாங்கித்தான ஆகணும்?” என்று முடித்துவிடுவார்.

முதல் தடவை அந்தப் பந்தலுக்குள் போனபோது நான் ஒரு தவறைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் இருந்தேன். திராட்சையில் ஒரு காய்ப்பு முடிந்ததும் கொடியை ஒட்ட வெட்டி விடுவோம். இலை எல்லாம் போய்ப் பந்தல் மொட்டையாக நிற்கும். அப்போதுதான் புதுத் துளிர் வந்து அடுத்த காய் பிடிக்கும். அதுதான் கவாத்து. அக்காவின் பந்தலில் எல்லாம் மொட்டையாக இருக்க, மேற்கு மூலையில் பன்னிரண்டு கல்தூண் அளவுக்கு மட்டும் கொடி காடாக மண்டிக் கிடந்தது.

“அக்கா, மூலைய விட்டுட்டாக போல இருக்கே” என்றேன்.

“விட்டுட்டாக இல்ல. விட்டுருக்கேன்.”

குனிந்து உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த இருட்டில் சருகு பரப்பிய ஈரமண். அதில் முழங்கால் உயரத்துக்குச் செடிகள். தண்டு கண்ணாடி மாதிரி, உள்ளே ஓடும் நீர் தெரியும்போல இருந்தது. வெளிறிய ரோஸ் நிறத்தில் பூ, பின்னால் வளைந்த ஒரு வால். நம் வாசலில் வளர்க்கிற காசித்தும்பைக்கு மலையில் ஒரு சொந்தம் இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

“என்னா பூக்கா இது?”

“ஓடைப்பூ. ஓடையில இருந்துச்சு, அதனால ஓடைப்பூ. வேற பேரு இருந்தா அதுக்குத்தான் தெரியும்.”

மலையடிவாரத்தில், பந்தலிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற ஓடை அது. இரண்டு கரையிலும் இலவ மரமும் பலாவும் நின்ற பழைய தோட்டம். அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே இலவம் பஞ்சுக்குக் காய் பொறுக்கப் போவாராம். ஆனி ஆடிச் சாரலில் மரத்து நிழலில் கரை முழுக்க இந்தப் பூ நிற்குமாம். பிறகு தோட்டம் கை மாறியது. புது முதலாளி பொக்லைன் விட்டு மரத்தையும் புதரையும் ஓடைக்கரையோடு சேர்த்து வழித்துவிட்டார். செய்தி கேட்டு அக்கா போனபோது, புரட்டிப் போட்ட மண்ணில் ஒரு பாறைக்குப் பின்னால் கொஞ்சம் செடி மட்டும் மிச்சம் இருந்திருக்கிறது. வெயில் பட்டு அதுவும் வெந்த கீரையாகத் தொங்கியது. உரச்சாக்கை நனைத்து, மண்ணோடு பெயர்த்து, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“எதுக்குக்கா இம்புட்டு மெனக்கெடு? மலையில வேற எங்கயாச்சும் இருக்கும்ல?” என்று கேட்டேன்.

“இருக்கும்னு நீ போயிப் பாத்தியா? நான் பாத்தேன். மூணு ஓடை ஏறி எறங்குனேன். இல்ல.”

அதனால் அந்த மூலையில் கவாத்து கிடையாது. மருந்தும் கிடையாது. மற்ற பந்தலுக்கு மருந்தடிக்கிற நாளில், உரச்சாக்குகளைக் கிழித்துத் தைத்த ஒரு திரையை அந்தத் தூண்களில் கட்டித் தொங்கவிடுவார். அந்தத் திரையில் எங்கள் கடைப் பெயர் தலைகீழாகத் தெரியும். நான்கு தடவை நேராகத் தைக்கச் சொன்னேன். செய்யவில்லை.

பூவைப் பறிப்பது அவருக்கு ஆகாது. மகளை நிச்சயம் செய்ய ஆண்டிபட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, பந்தலைச் சுற்றிப் பார்த்த சம்பந்தியம்மா ஆசையாக இரண்டு பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். அக்கா, “பறிச்சது பறிச்சதுதான். உக்காருங்க. காப்பி ஆறுறதுக்குள்ள அது கதி என்னான்னு பாருங்க” என்று எதிரில் உட்கார்ந்துவிட்டார். காப்பி ஆறுவதற்குள் பூ சுருங்கி, சம்பந்தியம்மாவின் காதோரம் நூலாகத் தொங்கியது. “பாத்தீகளா? செடியில இருந்தா நாலஞ்சு நாளு இருந்துருக்கும்.” நிச்சயம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. ஆனால் அந்தம்மா ஒரு வருடம் இவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்கு அக்கா செய்தது அதிகப்படியாகத்தான் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த மூலைக்குப் பெரிய கேடு வந்தது என்னால்.

மகளுக்குப் பிரசவம் என்று அக்கா மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. சித்திரை மாதம். கவாத்துக்கு ஆட்களிடம் முன்பே நாள் சொல்லியிருந்தார். “தம்பி, நீ போயி அங்கன நின்னுக்க. மூலைய மட்டும் தொடக்கூடாதுன்னு சொல்லிரு. வேற ஒன்னும் நீ செய்ய வேணாம்” என்றார். அந்த ஒன்றைத்தான் நான் செய்யவில்லை. காலையில் கடையில் வியாபாரம் பிடித்துக்கொண்டது. பதினொன்றரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பந்தல் முழுக்க மொட்டை. மூலையும் மொட்டை.

“முன்னாடி வந்த ஆளுக பாதியில விட்டுட்டுப் போயிட்டாக போலண்ணே” என்றார் அவர்களில் மூத்தவர். “ஒத்தப் பொம்பளையா நின்னு பாடுபடுறாக. பாவம், அதையும் சேத்து முடிச்சு விட்டுட்டோம். அதுக்குத் தனியா கூலி வேணாம்.”

கூலி வாங்காமல் செய்த நல்ல காரியம். நான் என்ன சொல்வேன்? சித்திரை வெயில் அந்த ஈரமண்ணில் நேராக விழுந்துகொண்டிருந்தது. செடிகள் அதற்குள் தலை சாய்த்துவிட்டன. போனில் அக்காவிடம் சொன்னேன். “தண்ணிய ஊத்தாத, வெந்துரும். வாரேன்” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பந்தலில் இருந்தார். கூலி வாங்க வந்த ஆட்களை ஒரு சொல் திட்டவில்லை. அவர்கள் மனசு நல்ல மனசு என்று காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினார். நான் ஒரு ஓரமாகக் கல்லில் உட்காரப் போனேன்.

“ஏலே, நீ உக்காராத. வீட்டுக்குள்ள பீரோவுல சேலை இருக்கு, அம்புட்டையும் அள்ளிட்டு வா.”

நான் தூணில் ஏறிப் பந்தல் கம்பியில் கட்ட, அவர் கீழேயிருந்து முனையை நீட்டினார். வேலைக்குக் கட்டுகிற நூல்சேலை, கோயிலுக்குக் கட்டுகிறது, மகள் எடுத்துக் கொடுத்தது, கடைசியில் அரக்குக் கரை போட்ட கல்யாணப் பட்டு. அதைக் கையில் வாங்கியதும் நான் தயங்கினேன்.

“அக்கா, இது வேணாமே.”

“ஏன், அதுல நெழலு விழாதா?”

கட்டினேன். பன்னிக்குப் பயந்து வயலைச் சுற்றிப் பழஞ்சேலை கட்டுவது எங்கள் பக்கம் வழக்கம்தான். பந்தலுக்கு மேலே, அதுவும் பட்டுச்சேலையைக் கூரை போட்டு யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி, “என்னாத்தா, கொடியில சேலை காச்சுருக்கு?” என்று கேட்டார். “ஆமா, கிலோ என்னா வெலைன்னு கேட்டுட்டுப் போ” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

கொடி மறுபடி இலை விட்டு மூடுகிறவரை சேலைகள் அங்கேயே கிடந்தன. பட்டு வெளுத்துப் போய் என்ன நிறம் என்றே தெரியாமல் ஆனது. செடியில் பெரும்பாலும் போய்விட்டன. ஆறு மிஞ்சின. என் மேல் அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். படவில்லை. “அந்த ஆறு இருக்குல்ல” என்றார்.

அந்த ஆறுக்கும் ஆபத்து ஐப்பசி மழையில் வந்தது. கம்பம் பக்கத்துப் பந்தல்களில் செவட்டை விழுந்தது. இலையில் செம்மை ஏறிக் கருகிக் கொட்டுகிற நோய். மருந்தடித்தும் நிற்கவில்லை. மருந்தே அடிக்காத ஒரு மூலை பக்கத்தில் இருந்தால் எல்லோருடைய கையும் எந்தப் பக்கம் நீளும்?

அடுத்த பந்தல்காரர் நல்ல மனிதர். அக்காவின் கணவருக்கு நண்பர். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கே வந்தார். அக்காவையும் வரச் சொன்னார்கள். மருந்து விஷயம் தெரிந்தவன் என்று என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

“மதினி, ஒங்க பூவுக்கு நான் எதிரி இல்ல” என்று ஆரம்பித்தார் அவர். “ஆனா அங்கன மருந்து படாம கெடக்குற கொடியில நோயி தங்குது. அது காத்துல எம் பந்தலுக்கு வருது. எம் மகன் படிப்பு இந்தக் காய நம்பித்தான் ஓடுது. நீங்களே சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது நிஜம். மருந்து படாத கொடியில் நோய் தங்கத்தான் செய்யும். நான் அக்காவைப் பார்க்காமல், “அவுக சொல்றது சரிதான்க்கா. ஒரு தடவ மருந்தடிச்சு, கவாத்தும் பண்ணிட்டா நல்லது” என்றேன்.

“கவாத்துப் பண்ண முடியாது. மருந்தும் முடியாது.” அக்கா எழுந்து நின்றார். எழுந்தார் என்பது சரியில்லை, அவர் உட்காரவே இல்லை. “ஆனா கொழுந்தனாரே, ஒங்க காய் போகக்கூடாது. நாளைக்கு வந்து பாருங்க.”

மறுநாள் போனோம். பன்னிரண்டு தூணிலும் இருந்த கொடிகளை அடியோடு அறுத்து, இழுத்து, வரப்பில் போட்டுத் தீ வைத்திருந்தார். மணிக்கட்டுப் பருமன் கொடிகள். அவர் கணவர் முதன்முதலில் நட்டவை. பூவுக்கு விடுவதற்கு முன்பு பந்தலிலேயே அதிகம் காய்த்த மூலையும் அதுதான். அறுத்த அடிக்கட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

“நோயி தங்குதுன்னீக, கொடிய எடுத்துட்டேன்” என்றார் அக்கா. “நெழல எடுக்கல.”

தலைக்கு மேலே அந்த வெளுத்த சேலைகள் மறுபடி ஏறியிருந்தன. தூணுக்குத் தூண் பீர்க்கும் அவரையும் ஊன்றியாயிற்று. தை மாதத்தில் அவை கம்பியை மூடின. அதற்குப் பிறகு யாரும் அந்த மூலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பக்கத்துப் பந்தல்காரர் வீட்டுக்கு அவரைக்காய் மட்டும் வாரம் தவறாமல் போனது.

ஆறு செடி அறுபது ஆனது. அந்தப் பூவின் காய் பழுத்த பிறகு விரல் பட்டால் போதும், வெடித்து விதையை எங்கேயோ வீசிவிடும். அதனால் பழுப்பதற்கு முன்பே பழைய கொசுவலையில் சின்னச் சின்னப் பை தைத்து ஒவ்வொரு காய்க்கும் கட்டிவிடுவார். அந்த மூலைக்குள் எந்நேரமும் குட்டிக் குட்டிப் பைகள் தொங்கும்.

இரண்டு வருட விதை சேர்ந்ததும், ஆனி மாதம் முதல் சாரலில் ஓடைக்குக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்றால், “கடைய உம் பொண்டாட்டி பாத்துக்கிரும், வா” என்றார். பொக்லைன் வழித்த கரையில் இத்தனை வருடத்தில் காட்டு மரங்கள் தாமாக எழுந்து கொஞ்சம் நிழல் கட்டியிருந்தன. அதை அக்கா பல நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பாறை இடுக்காகப் பார்த்துச் சருகை விலக்கி விதை போட்டுக்கொண்டிருந்தபோது தோட்டத்துக் காவல்காரர் ஓடி வந்தார்.

“யாரக் கேட்டு இங்கன வெதைக்கிறீக?”

“இத அழிச்சப்ப யாரக் கேட்டாக?”

“அது... மொதலாளி எடம்.”

“தோட்டம் மொதலாளிது. ஓடைக்கு யாருக்கும் பட்டா இல்ல. வேற சோலி இருந்தா பாருப்பா.” குனிந்து அடுத்த குழியைத் தோண்டினார். காவல்காரர் கம்பைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கல்லை நகர்த்திக் கொடுத்தார்.

அந்த வருடம் முளைத்தது. மறு வருடம் கரை முழுக்கப் பூத்தது.

பிறகு முழங்கால் அக்காவைப் படுத்திவிட்டது. பந்தலை விற்றுவிட்டு ஆண்டிபட்டியில் மகள் வீட்டுக்குப் போனார். வாங்கியவர் மூலையிலும் திராட்சை ஏற்றிவிட்டார். செடி அங்கே இப்போது இல்லை. “அது அவுக பொழப்பு, அதத் தப்புச் சொல்ல முடியாது. ஓடையில இருக்குல்ல” என்றார் அக்கா. ஆண்டிபட்டி வறட்சியில் அந்தப் பூ நிற்காது என்று அவருக்குத் தெரியும், அதனால் ஒரு செடிகூட எடுத்துப் போகவில்லை.

போன ஆவணியில் அதே காவல்காரர் கடைக்கு வந்தார். களைக்கொல்லி வேண்டுமாம். எங்கே அடிக்க என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“ஓடைக்கரை முச்சூடும்ண்ணே. மொதலாளி வாராக, சுத்தமா இருக்கணும்னு சொல்லிட்டாக.”

டப்பா என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. வழக்கம்போல் கை பின்னால் போனது. பாதியில் நின்றது.

“தர முடியாதுப்பா” என்றேன். எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

“பின்னாடி இருக்கேண்ணே.”

“இருக்கு. தரமாட்டேன்.”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, “அடுத்த கடையில வாங்கிக்கிறேன்” என்று போய்விட்டார். அவர் சொன்னது சரி. எங்கள் தெருவில் மட்டும் ஐந்து உரக்கடை. அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“அடுத்த கடையில வாங்கிருவான்லடா? எனக்கு எதுக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்க? கடைய அடைச்சுட்டு அங்கன போயி நில்லு.”

ஷட்டரை இழுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஓடைக்கரையில் நல்ல பூப்பு. நான் அந்தப் பாறையில் கால் வைத்து நின்றபோது, முதுகில் ஸ்பிரேயரோடு காவல்காரர் வந்தார்.

“ஒதுங்குங்கண்ணே, மேல படும். கெட்ட மருந்து.”

அந்த டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கா தெரியாது? அவரை நேராகப் பார்த்து, “முடியாதுப்பா” என்றேன். தலையை ஆட்டவில்லை.

அவர் என் காலடியைப் பார்த்தார். பூவையும் பார்த்தார். ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“மொதலாளி, இங்கன ஒரு ஆளு நிக்கிறாக. போகமாட்டேங்கிறாக.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அன்றைக்கு அந்த ஸ்பிரேயர் நிறை மருந்தோடு திரும்பிப் போனது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து, அக்காவுக்குப் போன் போட்டு, அடிக்காமல் போய்விட்டார் என்று சொன்னேன்.

“சரி” என்றார். “நாளைக்கும் போ.”